பிபோனின் கல்லும் மறு கையும்: கைப்பிடி வலிமையின் வரலாற்றில் ஒரு வாசகச் சிக்கல்

ஒலிம்பியாவில் ஜெர்மானியர் நடத்திய அகழாய்வில் கிடைத்த மணற்கல் ஒன்று, தன்னை ஆண்டவன் யார் என்பதைத் தன் வாயாலேயே சொல்கிறது. எடை 143.5 கிலோ. போலாவின் மகன் பிபோன் தன்னை ஒரு கையால் தலைக்கு மேல் எறிந்தான் என்பது அதன் வாசகம். தந்தை பெயரைப் ‘போலா’ என்று படிப்போரும் உண்டு, ‘போரிஸ்’ என்று படிப்போரும் உண்டு. இக்கட்டுரைக்கு அது முக்கியமில்லை. கி.மு. 6-ஆம் நூற்றாண்டு என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அந்தக் கணிப்பு எழுத்து வடிவத்தை நம்பியது. ஓரிரு தலைமுறை முன்பின்னாக நகர்த்தினாலும் என்னால் மறுக்க முடியாது.

இந்த வாசகத்தை ஆங்கில உலகில் பரப்பியவர்களில் முதன்மையானவர் நார்மன் கார்டினர். கிரேக்க உடற்பயிற்சி பற்றி 1910-இல் அவர் எழுதிய நூலைத் தொடாமல் இத்துறையில் இன்றும் யாரும் எழுதத் தொடங்குவதில்லை. அந்தக் காலத்தில் அவர் எடுத்த முடிவு இதுதான்: இவ்வளவு பெரிய கல்லை ஒரு கையால் தூக்குவது இயலாத காரியம், ஆகவே பிபோன் முதலில் இரு கைகளாலும் தூக்கி, பிறகு ஒரு கையில் நிறுத்தி எறிந்திருக்க வேண்டும். பின்னால் வந்த பலருக்கு இந்த ‘இயலாத’ என்ற சொல் மட்டுமே நினைவில் நின்றது. கல்வெட்டு மிகைப்படுத்துகிறது, வீரன் தற்பெருமை பேசுகிறான் என்ற எண்ணம் அதிலிருந்தே வளர்ந்தது.

கார்டினர் வாதத்தில் இரண்டு படிகள் இருக்கின்றன. ஒன்று, உடலின் எல்லை பற்றிய தீர்ப்பு. மற்றொன்று, தூக்கிய முறை பற்றிய ஊகம். முதலாவது தவறு, இரண்டாவது ஏறக்குறைய சரி. தவறான காரணத்திலிருந்து சரியான ஊகத்துக்கு வந்தவர் அவர். இதைப் பிரித்துப் பார்க்காததால் கல்வெட்டின் சொல்லாட்சி கவனிப்பாரற்றுப் போயிற்று.

உடலின் எல்லையை முதலில் பார்ப்போம். கார்டினர் எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் ஆர்தர் சாக்ஸன் என்ற ஜெர்மானியர் ஒரு கையால் சுமார் 168 கிலோவைத் தலைக்கு மேல் நிறுத்திக் காட்டியிருந்தார். 1905-ஆம் ஆண்டுச் செய்தி இது. சாய்ந்து தள்ளும் முறை அது. எடை தோளில் இருக்கும். தூக்குபவர் அதை மேலே தள்ளுவதைவிடத் தாம் அதற்கு அடியில் சாய்ந்து சாய்ந்து இறங்குவார். கை நிமிர்ந்ததும் உடல் எழும். சாக்ஸனுக்கு முன்பே யூஜின் சாண்டோ மேடைகளில் பயன்படுத்திய முறைதான். தொல்லியல் அறிஞருக்குச் சர்க்கஸ் கூடாரம் எட்டாத தூரம் என்பது புரிகிறது. ஆனால் பிபோன் கல்லைவிட ஏறத்தாழ 25 கிலோ கூடுதலான எடை, கார்டினர் வாழ்ந்த காலத்திலேயே, ஒரு கையில் ஏறியிருந்தது.

இரும்புக் கம்பி வேறு, கல் வேறு என்று வாசகர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. அதற்குப் பிறகு வருகிறேன்.

கனமான கம்பியைச் சாக்ஸன் காலத்தவர் தோளுக்கு எப்படிக் கொண்டுவந்தார்கள்? தரையிலிருந்து ஒரு கையால் இழுத்து அல்ல. கம்பியை ஒரு முனையில் நட்டுநிறுத்தி, இரு கைகளும் உதவ, தோளில் சாய்த்துக்கொள்வார்கள். அதன் பிறகுதான் ‘ஒரு கை’ தொடங்கும். தொழில் அறிந்த எவரும் இதை ஏமாற்று என்று சொன்னதில்லை. அப்படியானால் கார்டினர் ஊகித்த வரிசைதான் இது: முதலில் இரண்டு கை, பிறகு ஒன்று. அவர் இதைக் கல்வெட்டின் பொய்யைச் சரிக்கட்டும் சமாதானமாக முன்வைத்தார். நான் இதையே கல்வெட்டு சொல்லும் மெய்யாகப் படிக்கிறேன்.

வாசகத்துக்கு வருவோம். ‘ஒரு கையால்’ என்று நாம் பெயர்க்கும் இடத்தில் கல்லில் இருப்பது எண்ணுப்பெயரான ‘ஒன்று’ அல்ல. ‘ஹெதெரோஸ்’ என்ற சொல். இரண்டில் ஒன்று, அல்லது இரண்டில் மற்றது என்பது அதன் பொருள். தமிழில் ‘ஒரு கை’ என்பதைவிட ‘மறு கை’ என்பதற்கு அது நெருக்கம். எண்ணிக்கையைச் சொல்லும் சொல்லுக்குள் இன்னொரு கை இல்லை. இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. எழுதியவன் மனத்தில் இரண்டு கைகளும் இருந்தன, தீர்மானமான செயலை அவற்றுள் ஒன்று செய்தது என்று வாதிடுவேன். கிரேக்கத்தில் இந்தச் சொல் வெறும் ‘ஒரு கை’ என்ற பொருளிலும் வழங்கும் என்பதை மறைக்கவில்லை. எனவே இந்தச் சான்று ஒல்லியானது. ஆனாலும் வினைச்சொல் அதற்குத் துணை நிற்கிறது.

தேரா தீவில், இன்றைய சாந்தோரினியில், இதே நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் எரிமலைக் கல் ஒன்று உண்டு. எடை சுமார் 480 கிலோ. கிரிதோபூலோஸின் மகன் யூமாஸ்தாஸ் தன்னை மண்ணிலிருந்து தூக்கினான் என்று அது சொல்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் ‘கல் தூக்கிய கதைகள்’ என்று அடுக்குவது வழக்கமாகிவிட்டது. ஆனால் தேராக் கல்லின் வினை ‘தூக்குதல்’. தொடக்கப் புள்ளி ‘மண்’. ஒலிம்பியாக் கல்லின் வினை ‘மேலாக எறிதல்’; அது சொல்வது முடியும் இடமான தலைக்கு மேல் என்பதை மட்டுமே. 480 கிலோவை மண்ணைவிட்டு அசைப்பதே சாதனை. அங்கே தொடக்கம்தான் செய்தி. பிபோனுக்குத் தொடக்கம் செய்தியல்ல. எந்த இடத்தில் சாதனை எண்ணப்பட்டதோ அதை மட்டும் கல்லில் வெட்டினார்கள்.

இனி, கம்பிக்கும் கல்லுக்கும் உள்ள வேறுபாடு. பிபோன் கல் நம்மூர் இளவட்டக்கல்லைப் போல வழவழப்பான உருண்டை அல்ல. கட்டைபோல நீண்டது, பிடிமானத்துக்காக வெட்டப்பட்ட பள்ளம் அதில் இருக்கிறது. இளவட்டக்கல்லைக் கட்டித் தழுவித்தான் ஏற்ற வேண்டும், விரலுக்கு அங்கே வேலை குறைவு. பள்ளம் வெட்டிய கல்லில் கதை மாறுகிறது. கல்லை வெட்டியவன் எடைக்கு அஞ்சவில்லை, நழுவலுக்கு அஞ்சியிருக்கிறான். சந்தையில் மூட்டை தூக்குவோர் சாக்கில் கொக்கி மாட்டுவது மூட்டையின் எடையைக் குறைக்க அல்லவே. அதே காலத்தில் நீளம் தாண்டுவோர் கையில் பிடித்த கல் எடைகளிலும் விரல் பதியக் குடைந்திருந்தார்கள். ஸ்பார்ட்டாவின் அக்மாதிதாஸ் ஒலிம்பியாவில் காணிக்கையாக வைத்த சுமார் 4.6 கிலோ எடை அதற்குச் சாட்சி. கைக்கேற்பக் கருவியைத் திருத்துவது அன்றைய வழி.

அந்தப் பள்ளம் தரையிலிருந்து இழுக்க உதவியதா, மேலே நிறுத்தும்போது உள்ளங்கை அமர உதவியதா? இரண்டாவது என்பது என் துணிபு. விரல்களை மட்டும் நம்பி 143.5 கிலோவைத் தரையிலிருந்து ஒரு கையால் பிடுங்குவதாக இருந்தால் ‘இயலாது’ என்ற கார்டினர் சொல்லுக்கு வலு கூடும். அவர் தோளைப் பார்த்து அஞ்சினார். அஞ்ச வேண்டியது விரலைப் பார்த்து.

விரல் தனியாகக் கவனம் பெறுவது இதற்குப் பிறகு. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் சிக்யோன் நகரத்து சோஸ்த்ராதோஸ் எதிராளியின் விரல்களைப் பற்றி வளைத்தே வென்றார் என்று பௌசானியாஸ் எழுதுகிறார். குரோத்தோன் நகரத்து மைலோ ஒரு மாதுளையை இறுகப் பிடித்துக்கொள்வார், யாராலும் பறிக்க முடியாது, பழமும் நசுங்காது என்பதும் அவர் தரும் செய்தி. எழுதிய பௌசானியாஸ் கி.பி. 2-ஆம் நூற்றாண்டுக்காரர் என்பதால் மைலோவின் மாதுளையை மைலோவின் காலத்துக்கே கொண்டுபோக எனக்குத் தயக்கம் உண்டு. அதே 2-ஆம் நூற்றாண்டில் மருத்துவர் காலன், கயிறு ஏறுவதையும், உயரத்தில் கயிற்றையோ கழியையோ பற்றி நெடுநேரம் தொங்குவதையும், மூடிய கையை நீட்டி அசையாமல் வைத்திருப்பதையும் வலுவூட்டும் பயிற்சிகளாக எழுதிவைத்தார். பிடியைப் பயிற்சியாகப் பேசும் எழுத்து என்று நான் உறுதியாகக் காட்டக்கூடியது இதுதான்.

இடைப்பட்ட நூற்றாண்டுகளைத் தாண்டிவிடுகிறேன். 1798-இல் பாரிஸில் எட்மே ரெக்னியே எஃகு வில்லால் ஆன அளவுமானியை வெளியிட்டார். கை நெரிப்பு முதன்முறையாக எண்ணாக மாறியது. பிரெஞ்சு இயற்கையியலாளர் பெரோன் அதை ஆஸ்திரேலியக் கடற்பயணத்துக்கு எடுத்துச் சென்று, ‘நாகரிகமற்றவர்’ வலிமை குறைந்தவர் என்று முடிவு கட்டினார். கையின் அளவு மாறினால் கருவி காட்டும் எண்ணும் மாறும் என்று பின்னர் பெல்ஜியப் புள்ளியியலாளர் கெத்தலே சுட்டினார். பிபோனின் பள்ளம் சொல்லியிருந்ததும் அதைத்தான்.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திசை தலைகீழானது. கைக்கேற்பக் கருவியைத் திருத்தியவர்கள் போய், கையைத் தோற்கடிக்கக் கருவியைத் திருத்துபவர்கள் வந்தார்கள். அப்பொலோன் என்ற பிரெஞ்சு வீரரின் சக்கரக் கம்பி 166 கிலோ. அச்சின் தடிமன் 49 மில்லிமீட்டர். தாமஸ் இஞ்ச் என்ற ஆங்கிலேயரின் எடைக்குண்டு 78 கிலோதான், பிபோன் கல்லில் பாதிக்குச் சற்று மேல். ஆனால் கைப்பிடி 60 மில்லிமீட்டர். விரல் சுற்றி மூடாததால் பெரும் பலசாலிகளும் அதைத் தரையிலேயே விட்டுச் சென்றார்கள். சாண்டோ வேறு வழி கண்டார்: எடைக்குண்டை நீளவாக்கில் பிளந்து நடுவே சுருள்வில் வைத்து, நெரித்துக்கொண்டே பயிற்சி செய்யச் சொன்னார். அதிலிருந்து எடையையே கழற்றிவிட்டால் மிஞ்சுவது இன்றைய கிரிப்பர். 1990-இல் அமெரிக்காவின் அயர்ன்மைண்ட் நிறுவனம் ‘கேப்டன்ஸ் ஆஃப் க்ரஷ்’ கிரிப்பர்களை வெளியிட்டது. அதன் 3-ஆம் எண்ணை மூடியவராக 1991-இல் ரிச்சர்ட் சோரின் சான்று பெற்றார். 1998-இல் ஜோ கின்னி 4-ஆம் எண்ணை மூடினார்.

இங்கேதான் பழைய வழக்கு மீண்டும் வருகிறது. கிரிப்பர் பழகுவோர் ‘செட்’ என்று ஒன்றைச் சொல்வார்கள். மறு கையால் கிரிப்பரை உள்ளங்கையில் பொருத்தி, கொஞ்சம் அமுக்கிக் கொடுத்து, பிறகு விட்டுவிடுவது. எவ்வளவு அமுக்கலாம் என்பதில் சண்டை எழுந்து, கடைசியில் நெரிப்பு தொடங்கும்போது இரு பிடிகளுக்கிடையே ஒரு வங்கி அட்டையின் குறுகிய பக்கம் நுழையும் இடைவெளியாவது இருக்க வேண்டும் என்று நிறுவனம் விதித்தது. மறு கையின் உதவியை யாரும் தடை செய்யவில்லை. எங்கே விலக வேண்டும் என்று மட்டும் கோடு கிழித்தார்கள். அதற்குப் பிறகும் அது ஒரு கைச் சாதனைதான். கார்டினர் இந்த வழக்கை அறிந்திருந்தால் ‘இயலாத’ என்று எழுதியிருக்க மாட்டார் என நினைக்கிறேன்.

பிபோனுக்கு அந்தக் கோட்டை யார் கிழித்தார்கள், தோளிலா இடுப்பிலா என்பது கல்லில் இல்லை. ‘மண்ணிலிருந்து’ என்ற சொல் தேராவில் இருக்கிறது, ஒலிம்பியாவில் இல்லை. என் வாதம் பெரும்பாலும் அந்த இல்லாத சொல்லின் மேல் நிற்கிறது. அது எவ்வளவு எடை தாங்கும் என்பதை வாசகர்தான் தூக்கிப் பார்க்க வேண்டும்.