பிரசவத்திற்கு முந்திய துக்கம்: ‘ஐந்து நிலைகள்’ கோட்பாட்டின் ஒரு மறுபரிசீலனை

கடுமையான பிறவிக்குறையோடு பிறந்த குழந்தையின் பெற்றோர் அநுபவிக்கும் மனோவியாகூலத்தை, அதிர்ச்சியிலே தொடங்கிச் சமாதானத்திலே முடியும் ஒரு யாத்திரையாக வருணித்து, தென்னாசியத் தாய்மார் கர்ம நம்பிக்கையின் வலிமையால் அம்முடிவை விரைவில் எய்திவிடுகின்றனர் என்று கூறும் ஆராய்ச்சி மரபொன்று நெடுங்காலமாக நிலவி வருகின்றது. இம்மரபு தன் மூலத்தையே பிழையாக வாசித்துவிட்டது என்பது என் துணிபு.

மூலமாவது, டுரோட்டர் முதலிய ஐவர் 1975இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ சஞ்சிகையில் வெளியிட்ட கட்டுரை. அதிர்ச்சி, மறுப்பு, துயரமும் கோபமும், இணங்குதல், மறுசீரமைப்பு என்னும் ஐந்து நிலைகள் அதிலேதான் வரையப்பட்டன. ஆயின் 20 குழந்தைகளின் பெற்றோரைக் கண்டு பேசியே அது எழுதப்பட்டது. அதன் ஆசிரியர்களும் அதனை ஓர் அநுமான மாதிரியாகவே முன்வைத்தனர். அவர்களது வரைபடத்தில் ஐந்து நிலைகளும் ஒன்றன்மேலொன்று கவிந்து எழுந்து தாழும் வளைகோடுகளாக உள்ளனவேயன்றி, எந்நிலைக்கும் இத்தனை வாரம் என்ற கணக்கு அங்கே இல்லை. அவ்வளைகோடுகளைப் பின்வந்தோர் படிக்கட்டாக மாற்றி, படியேறாத தாயை நோயாளி என்றும், ஏறியவளைத் தேறியவள் என்றும் வகுத்துக்கொண்டனர். அறிவுவளர்ச்சி குன்றிய குழந்தைகளின் பெற்றோருடைய துயரம் வாழ்நாள் முழுதும் நீடிப்பதே இயல்பு என 1962இலேயே ஒல்ஷான்ஸ்கி எழுதியிருந்தும் அது செவியேறவில்லை.

மூலக்கட்டுரையும் குற்றமற்றதன்று. அதன் கடிகாரம் பிரசவத்தன்றே ஓடத் தொடங்குகின்றது. கருவிலே குறையைக் காணும் ஸ்கேன் பரவாத அக்காலத்தில் அது பொருத்தமே. இன்றோ கொழும்பின் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாழும் ஒரு தாய் ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே, தன் பிள்ளையின் முதுகுத்தண்டு மூடவில்லை என்றோ, மண்டையோடே உருவாகவில்லை என்றோ அறியக்கூடும். இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருக்கலைப்பை அநுமதிப்பதில்லை; பிழைக்க இயலாத சிசுவின் பொருட்டு அதனைத் தளர்த்த 2017இல் எடுத்த முயற்சியும், கத்தோலிக்கத் திருச்சபை முதலியோரின் எதிர்ப்புக்கிடையே கைவிடப்பட்டது. அச்சட்டத்தின் நியாய அநியாயம் இங்கு என் விஷயமன்று. அறிந்த நாளுக்கும் பெறும் நாளுக்கும் இடையே அத்தாய் நான்கு மாதங்களுக்கு மேல் கருவைச் சுமக்கின்றாள் என்பதும், வளைகாப்பு விசாரிப்போருக்கு முகமலர்ந்து விடையிறுக்கின்றாள் என்பதுமே என் விஷயம். பிரசவ அறையிலே அவள் அழாதிருந்தால் அதனை ஏற்பு என்று குறித்துக்கொள்வது எங்ஙனம் தகும்? அவள் அழுதது முன்னரே. அதனைக் குறித்துக்கொள்ள எவரும் அப்போது அருகிருக்கவில்லை.

பிரசவத்தின் பின்வரும் பகுதியிலும், காலத்தைக் கணக்கில் எடாத அதே பிழை. பிரசவத்திற்குப் பிந்திய மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ அளவுகோலின் பத்து வினாக்களும் கடந்த ஏழு நாட்களின் மனநிலையை மட்டுமே கேட்கின்றன. அவை தாயிடம் வருவதோ பிரசவத்தையடுத்த வாரங்களில். சைவக் குடும்பங்களில் 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரை தாயும் சேயும் பெரும்பாலும் வீட்டினுள்ளேயே காக்கப்படுகின்றனர். சுற்றத்தார் திரண்டு வருவதும், “கிரகணத்தண்டு வெளியிலை போனனீயோ, பிள்ளை?” என்று பெரியவர்கள் வினவுவதும், மச்சாளை முடித்ததன் பலனென்று ஒருவர் முணுமுணுப்பதும் அதற்குப் பின்னரே. ஆகவே முதல் மாதத்தில் பெறப்படும் தாழ்ந்த எண், துக்கமின்மையையன்றி வழக்கம் தந்த தற்காலிகமான காப்பையே காட்டுகின்றது எனக் கொள்வதற்கு, முடிந்த முடிபாக அன்றெனினும், வலுவான நியாயம் உண்டு. கர்மத்தை விளக்கமாகக் கொண்டவர்கள் நாட்காட்டியைப் பார்க்கத் தவறிவிட்டனர்.

இருதயக் குறைகள் பல ஸ்கேனுக்குப் புலப்படா என்பர். உண்மையே, அத்தாய்மாருக்கு என் வாதத்தின் முற்பகுதி பொருந்தாது, பிற்பகுதி பொருந்தும். ஸ்கேனின் பின்னும், முதல் மாதம் கடந்தும் தாயிடம் வினவவேண்டும் என்பதே என் வாதத்தின் பயன்; அவ்வாறு வினாக்களை மிகுத்தால் துயரை மிகுப்போம் என்னும் அச்சத்திற்கு நான் இடங்கொடேன். கேட்கப்படாத தாயும் துயருறுகின்றாள்.

தந்தையரின் நிலை இதனினும் இருண்டது. ஸ்கேனின் செய்தியைக் கட்டாரிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ தொலைபேசியிலே கேட்டு, மறுநாள் வேலைக்குச் செல்லும் தகப்பனுக்கு ஐந்து நிலைகளுள் எது முதலாவது என்று கூறத் துணியேன். அவரிடம் அப்பத்து வினாக்களும் நீட்டப்படுவதில்லை.