கணினி மீட்ட காட்சிகள்

ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய 'மெட்ரோபோலிஸ்' என்னும் மௌனப்படம் 1927 ஆம் ஆண்டு பெர்லினில் அரங்கேறியது. நீளம் மிகுதியெனக் கருதிய விநியோகத்தார் அதனை வெட்டிக் குறைத்தனர். வெட்டுண்ட பகுதிகள் அழிந்தன என்றே உலகம் எண்ணியிருந்தது. 2008 இல் புவெனஸ் அயர்ஸ் நகரத் திரைப்பட அருங்காட்சியகத்தில் கீறல் மிகுந்த 16 மில்லிமீட்டர் படியொன்று கிட்டியது. வல்லுநர் அதனை இலக்கமுறையில் பதிவுசெய்து, கணினியின் துணையால் மாசு களைந்தனர். ஏறத்தாழ 25 நிமிடக் காட்சிகள் மீண்டன. 2010 இல் பெர்லினிலேயே படம் மீண்டும் திரையேறியது.

எனினும், ஆழ்ந்த கீறல்கள் முற்றும் மறைந்தில. ஏடு செல்லரித்தால் எஞ்சியதைப் பதிப்பிக்கலாம். ஏடே இல்லையெனில் என் செய்வது? தென்னகத்தின் முதல் மௌனப்படமாகிய 'கீசகவத'த்திற்கு ஒரு படியும் எஞ்சவில்லை; அதனை எந்தக் கணினி மீட்கும்? ஆதலின், நம் இல்லங்களில் உறங்கும் பழைய நாடக ஒலிநாடாக்களை எறிந்துவிடாது இன்றே காப்போமாக.