ஏட்டிலும் நாவிலும்

நானூறு வருஷத்துப் பாட்டைத் தேடியெடுத்துப் பாடுவதற்கென்றே மேல்நாடுகளில் சிறு குழுக்கள் இருக்கின்றன. பழைய இசைச்சுவடியைப் பார்த்து, அந்தக் காலத்து முறைப்படியே பாடுகிறார்கள். நம் கரிசல் சீமையில் இதற்கு ஈடாக என்ன உண்டு என்று யோசித்தேன். இரண்டு ஊர்கள் நினைவுக்கு வந்தன.

ஒன்று எட்டயபுரம். முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் அங்கேதான் காலமானார். அவருடைய கீர்த்தனைகளைச் சுப்பராம தீட்சிதர் சுரக்குறிப்புடன் எழுதி, 1904-இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற நூலாக அவ்வூரிலேயே அச்சேற்றினார். அரண்மனையின் ஆதரவு இருந்தது. பாட்டு ஏட்டில் ஏறியது.

மற்றொன்று பாஞ்சாலங்குறிச்சி. 1799 அக்டோபர் 16-ஆம் தேதி கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். ஊமைத்துரை மறுபடி எழுப்பிய மண்கோட்டையும் 1801 மே மாதம் விழுந்தது. கும்பினியார் அதைத் தரைமட்டமாக்கினார்கள். அவர்களுக்குத் துணைநின்ற எட்டயபுரத்துக்கு அந்தப் பாளையத்து நிலத்தில் ஒரு பங்கு கிடைத்தது. இடிந்த கோட்டைக்குச் சுரம் எழுத யார் இருந்தார்கள்?

ஆனாலும் பாட்டு அழியவில்லை. ஒரு கோயில் கொடையில் கட்டபொம்மு கதையை விடிய விடியக் கேட்டிருக்கிறேன். வில்லடிக்கிற புலவர் ஓர் அடி பாடுவார். குடமும் உடுக்கும் முழங்க, மற்றவர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள். எவர் கையிலும் ஏடு இல்லை. ஊமை என்று பேர் வாங்கியவருக்கு ஐந்தாறு பேர் குரல் கொடுத்தார்கள்.

நா. வானமாமலை பதிப்பித்த கட்டபொம்மு கதைப்பாடலை மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் வெளியிட்டது. அதற்கு முன் அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்களின் பெயர் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.