நஞ்சு மருந்தான வரலாறு



"அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். அந்தப் பழமொழியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அளவோடு கொடுத்தால் நஞ்சும் மருந்தாகும் என்ற இன்னோர் உண்மை கிடைக்கும். இருதய நோய்க்கென்று இன்று நாம் விழுங்கும் மாத்திரைகளில் பல அப்படிப் பிறந்தவைதாம். அவற்றின் வரலாற்றையே இம்மலரில் சொல்ல வந்தேன்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் சுவா வட்டாரத்தில் பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் உழைத்த பெரியவர்கள் இருக்கும் வீடுகளில், மாத்திரைப் பை தொங்காத வீடு அரிது. "உடம்பு தேறிடுச்சு, இனி எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்திவிடுகிறார் ஒருவர். "எனக்கும் அதே நெஞ்சுவலிதானே, உங்க மாத்திரையில ரெண்டு குடுங்க" என்று பக்கத்து வீட்டில் கேட்டு வாங்குகிறார் இன்னொருவர். அந்த மாத்திரை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் இப்படிச் செய்ய மனம் வராது.

மூதாட்டியின் கஷாயம்

1775-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்ற மருத்துவரிடம் ஒரு நாட்டு வைத்தியக் குறிப்பு வந்தது. உடம்பில் நீர் கோத்து வீங்கியவர்களுக்கு ஒரு மூதாட்டி இரகசியமாகக் கொடுத்துவந்த கஷாயம் அது. அதில் இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் இருந்தன. வேலை செய்வது 'பாக்ஸ்குளோவ்' என்னும் பூஞ்செடியின் இலை ஒன்றே என்று விதரிங் கண்டுகொண்டார். அது விஷச் செடி. கொஞ்சம் கூடினாலும் வாந்தி வரும், பார்வை மஞ்சளாகும், இருதயமே நின்றுவிடும். விதரிங் பத்தாண்டுகள் நோயாளிகளைக் கவனித்தார். குணமானவர்களை மட்டுமல்ல, குணமாகாதவர்களையும் குறித்து வைத்து, 1785-இல் ஒரு நூலாக வெளியிட்டார்.

அதே இனத்துச் செடி ஒன்றிலிருந்து 1930-இல் பிரித்தெடுக்கப்பட்டதுதான் 'டிகோக்சின்'. அந்த மாத்திரை ஒன்றில் உள்ள மருந்து கால் மில்லிகிராம், அல்லது அதற்கும் குறைவு. மாணவர்களே, கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு கிராம் மருந்தில் 4,000 மாத்திரைகள்! அப்படியிருக்க, "இன்னைக்கு ஒண்ணு சேர்த்துப் போட்டுக்குவோம்" என்பது எவ்வளவு பெரிய ஆபத்து?

நம் வேலியோரத்து அரளியிலும் இதே வகை நஞ்சுதான் இருக்கிறது. ஆகவே பிள்ளைகள் அதன் இலையையோ விதையையோ வாயில் வைக்கக் கூடாது.

பாறை பிளக்கும் மருந்து

நெஞ்சுவலி வந்தால் நாக்கின் கீழ் வைக்கும் சிறு மாத்திரையைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதன் சரக்கு நைட்ரோகிளிசரின். 1847-இல் இத்தாலியரான சொப்ரேரோ கண்டுபிடித்த வெடிபொருள் அது. அதைக் கொண்டுதான் ஆல்பிரட் நோபெல் 1867-இல் டைனமைட் செய்தார். டைனமைட் ஆலைத் தொழிலாளர்கள் விடுமுறை கழிந்து திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினால் தலைவலியால் அவதிப்பட்டார்கள். அந்தச் சரக்கு இரத்தக் குழாய்களை விரியச் செய்ததே காரணம். 1879-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் முரல் அதையே மிகச் சிறு அளவில் நெஞ்சுவலிக்குக் கொடுத்துப் பலன் கண்டார். கடைசிக் காலத்தில் நோபெலுக்கே மருத்துவர்கள் அதைச் சிபாரிசு செய்தார்கள். விதியின் வேடிக்கையைப் பாருங்கள்!

இந்த மாத்திரையை உட்கார்ந்துகொண்டே வைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் வலி நீங்காவிட்டால், "விடிஞ்சதும் பார்ப்போம்" என்று படுக்காமல் 999-ஐ அழைக்க வேண்டும்.

நம் முன்னோர் மண்ணின் வேர்

சர்ப்பகந்தா என்ற செடியின் வேரை இந்தியாவில் வைத்தியர்கள் பன்னெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தார்கள். பாம்புக்கடிக்கும் சித்தப் பிரமைக்கும் அது மருந்து. டில்லியில் சலிமுஸ்ஸமான் சித்திகி 1931-இல் அந்த வேரிலிருந்து ஒரு சத்தைப் பிரித்து, தம்மை ஆதரித்த ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக 'அஜ்மலின்' என்று பெயரிட்டார். அது இருதயத் துடிப்பை ஒழுங்குபடுத்தும் மருந்தாயிற்று. அதே ஆண்டில், அந்த வேர் இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று கல்கத்தா மருத்துவர்களான சென், போஸ் இருவரும் எழுதினார்கள். உலகம் செவிசாய்க்கவில்லை.

1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 50 நோயாளிகளுக்கு அதைக் கொடுத்து, அழுத்தத்தை அளந்து, பிரிட்டனின் இருதய மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார். அப்போதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தில் அவ்வேரிலிருந்து 'ரெசர்பின்' பிரிக்கப்பட்டது. இரத்த அழுத்தத்துக்கு உலகமெங்கும் அது வழங்கப்பட்டது. பிறகு, அளவு கூடினால் சிலருக்கு மனச்சோர்வு வருவது தெரிந்தது. மேலும் நல்ல மருந்துகள் வந்தபின் அது ஒதுங்கிக்கொண்டது. "வேர்தானே, என்ன செய்யும்?" என்று கேட்பவர்களுக்கு இந்த வரலாறே பதில். வேருக்கும் வீரியம் உண்டு. அதையும் அளந்தாக வேண்டும்.

சிங்கப்பூரில் பாடம் சொன்னவர்

நம் அண்டை ஊரோடு தொடர்புடையவர் ஒருவர் உண்டு. ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக், படித்து முடித்தபோது கடனில் இருந்தார். அதைத் தீர்க்க 1947-இல் கப்பலேறி, சிங்கப்பூரின் ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியில் உடலியல் விரிவுரையாளரானார். மலாயாவுக்கும் மருத்துவர்களை உருவாக்கிய கல்லூரி அது. 1950-இல் நாடு திரும்பினார்.

அச்சமோ கோபமோ வந்தால் உடம்பில் அட்ரினலின் சுரந்து இருதயத்தை விரட்டுகிறது. அடைப்புள்ள இருதயத்துக்கு இரத்தத்தைக் கூட்ட வழி தேடுவதைவிட, அந்த விரட்டலைத் தடுத்து இருதயத்தின் தேவையைக் குறைத்தால் என்ன என்று பிளாக் யோசித்தார். 1964-இல் 'புரோப்ரானலோல்' பிறந்தது. 1988-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. இன்று கிளினிக்கில் கொடுக்கும் அட்டினோலோல், பைசோப்ரோலோல் எல்லாம் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளே. பெயரின் வால் 'லோல்' என்று முடிவதைக் கவனியுங்கள். இவற்றைத் திடீரென்று நிறுத்தினால், அடக்கி வைத்திருந்த இருதயம் முன்னைவிட வேகமாக ஓடி மாரடைப்பே வரலாம்.

எலி மருந்தும் இரத்த மருந்தும்

இது தோட்டத்து மக்களுக்கு வியப்பளிக்கும். 1920-களில் அமெரிக்காவிலும் கனடாவிலும், கெட்டுப்போன இனிப்புக் குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் இரத்தம் உறையாமல் செத்து விழுந்தன. 1933-இல் ஒரு விவசாயி செத்த கன்றையும், ஒரு பால் கேன் நிறைய உறையாத இரத்தத்தையும் வண்டியில் ஏற்றி, பனிப்புயலில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே கார்ல் லிங்க் என்ற விஞ்ஞானி தம் மாணவர்களுடன் ஆண்டுக் கணக்கில் உழைத்துக் காரணப் பொருளைக் கண்டுபிடித்தார். அதன் வழியில் வந்த 'வார்பரின்' 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. நம் செம்பனைத் தோட்டங்களிலும் குலைகளைக் கடிக்கும் எலிகளுக்கு வார்பரின் கட்டிகள் வைத்ததைப் பெரியவர்கள் அறிவார்கள்.

அதே வார்பரின் 1954-இல் மனிதருக்கு மருந்தாக அனுமதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கும் கொடுக்கப்பட்டது. இருதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர்களுக்கு இரத்தக் கட்டி உண்டாகாமல் இன்றும் அது காக்கிறது. எலிக்கும் மனிதருக்கும் சரக்கு ஒன்றே; வேற்றுமை அளவில். அதனால்தான் அதைச் சாப்பிடுபவர்களை அடிக்கடி இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள். கீரையைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், மருத்துவரைக் கேட்காமல் நாட்டு மருந்து சேர்க்க வேண்டாம் என்பதும் அதற்காகவே.

பாம்பும் பூஞ்சணமும்

பிரேசில் நாட்டு விரியன் வகைப் பாம்பு ஒன்று கடித்தால் இரத்த அழுத்தம் சடாரென்று இறங்கிவிடும். அந்நாட்டு செர்ஜியோ பெரெய்ரா அந்த விஷத்தை ஆராய்ந்து 1965-இல் எழுதினார். அவ்வழியே சென்ற அமெரிக்க விஞ்ஞானிகள் செய்த 'காப்டோப்ரில்' 1981-இல் அனுமதி பெற்றது. பெரின்டோப்ரில் போல 'ப்ரில்' என்று முடிபவை அதன் தம்பிகள். சிலருக்கு வறட்டு இருமல் வரும். வந்தால் தாமாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மாற்று மருந்து இருக்கிறது.

ஜப்பானில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த அகிரா எண்டோ, ஏறக்குறைய 6,000 பூஞ்சணங்களைச் சோதித்தார். 1973-இல், கியோத்தோ நகரத்து அரிசியில் பிடித்திருந்த பூஞ்சணத்தில், கொழுப்பு உண்டாவதைத் தடுக்கும் பொருளைக் கண்டார். 'ஸ்டாட்டின்' என்று முடியும் மாத்திரைகளுக்கு அதுவே தாய். முதல் ஸ்டாட்டின் மருந்து 1987-இல் அனுமதிக்கப்பட்டது. அது செய்யும் நன்மை நம் உடம்புக்கு உறைப்பதில்லை. அதனாலேயே பலர் அதை முதலில் நிறுத்திவிடுகிறார்கள்.

நாம் செய்ய வேண்டியது

இந்த வரலாற்றில் வருபவர்கள் எல்லாரும் பெரிய படிப்பாளிகள் அல்லர். நாட்டு மூதாட்டியும் விவசாயியும் ஆலைத் தொழிலாளியும் இருக்கிறார்கள். அவர்கள் கண்டார்கள், அறிஞர்கள் அளந்தார்கள். இரண்டும் சேர்ந்தபோதுதான் நஞ்சு மருந்தாயிற்று. அந்த அளவைக் கண்டுபிடிக்க ஆண்டுகள் ஆயின; பலர் உயிரையும் இழந்தார்கள். கிளினிக்கில் கொடுக்கும் உறையில் எழுதியிருப்பது அந்த அளவுதான். ஒருவருக்கென்று எழுதியது மற்றவருக்கு ஆகாது.

மாணவச் செல்வங்களே, உறையின் எழுத்து பெரும்பாலும் மலாயில் இருக்கிறது. 'செபெலும் மாக்கான்' என்றால் சாப்பாட்டுக்கு முன், 'செலெபாஸ் மாக்கான்' என்றால் சாப்பாட்டுக்குப் பின் என்று உங்களுக்குத் தெரியும். எழுத்தறியாத தாத்தா பாட்டிக்குத் தெரியாது. நாள்தோறும் அதைப் படித்துச் சொல்லுங்கள். தீரும் முன்னே கிளினிக்கில் வாங்கி வரச் சொல்லி நினைவூட்டுங்கள். மேடையில் வாங்கும் பரிசு அலமாரியில் இருக்கும். நீங்கள் கற்ற எழுத்தோ வீட்டில் ஓர் உயிரைக் காக்கும்.