பாசிக்குள் மீன்

தமிழ்நாட்டில் ஓர் ஏரியிலோ கண்மாயிலோ மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் விடும்போது ஒட்டப்படும் அறிவிப்பைப் படித்திருப்பீர்கள். ‘மீன்பாசி குத்தகை ஏலம்’ என்று தலைப்பு. கீழே இன்ன பசலி முதல் இன்ன பசலி வரை, டெபாசிட் இவ்வளவு என்று வரும். அந்த நாலு வரியில் இந்நாட்டை ஆண்டவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஏலம், போர்த்துக்கீசியரின் ‘லெய்லாவ்’. பசலி, அரபியில் பருவம், அறுவடை என்று பொருள்படும் ‘பஸ்ல்’ பாரசீகம் வழியாக வந்து, ஜூலை முதல் தேதி தொடங்கும் வருவாய் ஆண்டுக்குப் பெயரானது. டெபாசிட்டுக்கு விளக்கம் வேண்டாம். மீன் தமிழ்; வடமொழியின் ‘மீன’மே இங்கிருந்து போனது என்பது அறிஞர் பலரும் ஏற்ற கருத்து.

மிச்சம் இருப்பது பாசி. குத்தகைக்காரர் யாரும் பாசி அள்ளுவதற்காகப் பணம் கட்டுவதில்லை. பிடிப்பது கெண்டையும் விராலும். ஆனால் பேச்சில் ‘இந்த வருஷம் பாசி யாரு எடுத்திருக்கா?’ என்றால், ஏரி மீனை ஏலத்தில் எடுத்தவர் யார் என்றே பொருள். மீனுக்கு எப்படிப் பாசி என்று பெயர் வந்தது?

வேர் எளிது. பசுமை, பச்சை, பைங்கிளியின் ‘பை’, பாசிப்பயறு எல்லாம் ஒரே குடும்பம். பிரிவால் மேனியில் படரும் பசலையும் அந்த வீட்டுப் பெண்தான். குறுந்தொகையின் 399-ஆம் பாட்டில் பரணர் ஊர் உண்ணும் கேணியின் பாசியைப் பசலைக்கு உவமை சொல்கிறார்: தொடத்தொட விலகும், விட்டால் திரும்பப் பரவும். இவ்வளவு நெருங்கி ஒலித்தாலும் மேலே சொன்ன பசலிக்கும் இந்தப் பசலைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சொல்லாராய்ச்சியில் இப்படி ஆள் விழுகிற குழிகள் நிறைய.

இன்னொரு குழி ‘பாசம்’. கயிறு, கண்ணி என்று பொருள்படும் வடசொல். மீன் பிடிப்பது கயிறும் கண்ணியுமான வலையால் தானே, அதிலிருந்து பாசி பிறந்திருக்கலாமே என்று ஒருவர் வாதிடலாம். இதே இழுபறி சிலப்பதிகாரத்திலும் உண்டு. புகார்க் கடைவீதியில் வரும் ‘பாசவர்’ யார் என்பதில் உரை சொன்னவர்கள் ஒரே இடத்தில் நிற்கவில்லை. பச்சை வெற்றிலையின் பக்கம் ஓர் இழுப்பு, கயிற்றின் பக்கம் ஓர் இழுப்பு. பாசவர் வழக்கை விட்டுவிடுவோம். மீன்பாசி வழக்கில் என் தீர்ப்பு பச்சைக்கே. காரணம், கல்வெட்டு.

சோழ, பாண்டியர் காலத்து வரிப்பெயர்களில் ‘பாசிப்பாட்டம்’ ஒன்று. ஏரி, குளங்களின் மீன் வருவாய் என்று கல்வெட்டறிஞர்கள் பொருள் கொள்கிறார்கள். பாட்டம் என்றால் குத்தகைப் பணம். மலையாளத்தில் இன்றும் நிலக்குத்தகைக்கு அதுதான் பெயர். பாசி என்பது பிடிக்கும் வலையின் பெயராக இருந்தால் அந்த வரி கடலுக்கும் ஆற்றுக்கும் சேர்ந்தல்லவா ஒட்டியிருக்க வேண்டும்? அது தேங்கிய நீரையே சுற்றி வருகிறது. தேங்கிய நீரின் அடையாளம் பாசி. ஏரிக்குள் யாரும் விதைக்காமல், நடாமல், தானாக விளைவது எதுவோ அதெல்லாம் பாசி. பாசியும் அப்படித்தான் வருகிறது, அந்தக் காலத்து மீனும் அப்படித்தான் வந்தது: மழை பெய்தால் ஓடை வழியாக ஏறி வரும், சேற்றில் புதைந்து கிடந்த விரால் எழுந்து வரும். கரைக்கு வெளியே நெல் விளைவிப்பவனுடையது. கரைக்கு உள்ளே விளைவது ஏரியுடையது.

‘ஏரியுடையது’ என்பதை அலங்காரமாகச் சொல்லவில்லை. மீன் வருவாயை அந்த ஏரியைத் தூர் எடுக்கவும் கரை உயர்த்தவும் ஒதுக்கிய செய்திகள் கல்வெட்டுகளில் உண்டு. ஏரியைக் காக்க ‘ஏரிப்பட்டி’ என்று நிலம் விட்டதைப் போல, அதன் பாசியையும் அதற்கே விட்டார்கள். மீன் விற்ற காசில் மண் அள்ளினார்கள். மண் அள்ளிய பள்ளத்தில் மறுபடி மீன். பாசி என்ற பெயர் இந்தக் கட்டில் பிறந்தது என்பது என் கணிப்பு. அந்தக் கட்டைத்தான் பின்னால் வந்த சர்க்கார் அவிழ்த்தது.

தருமபுரிப் பக்கத்துத் தீர்த்தமலைச் சீமையை எடுத்துக்கொள்வோம். அது கும்பினியார் கைக்கு வந்தது 1792-இல். திப்பு சுல்தானுடன் செய்த சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகாலும் சேலமும் கைமாறின. கேப்டன் அலெக்சாண்டர் ரீடு தலைமையில் நிலம் அளந்தார்கள். அவருக்குக் கீழே தருமபுரியில் இருந்து வேலை பார்த்தவர் தாமஸ் மன்றோ. தருமபுரி தனி மாவட்டமானது 1965-இல். அதுவரை எல்லாம் சேலம் ஜில்லா. ரயத்துவாரிக் கணக்கில் நிலம் ரயத்துடையது, ஏரிப் புறம்போக்கு சர்க்காருடையது. ஏரிக்குள் நின்ற மரமும் மீனும் சில்லறை வருவாய்க் கணக்கில் ஏறின. மீன் காசு கஜானாவுக்குப் போயிற்று, கரை உடைந்தால் மராமத்துக்கு மனு எழுதிப்போட வேண்டியதாயிற்று. பெயர் மட்டும் பழைய பாசியாகவே நின்றது. நின்றதனால்தான் இன்று விளங்காமல் போனது.

வரவை எழுதிக்கொண்ட சர்க்கார் மீனைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கியது முக்கால் நூற்றாண்டு கழித்து. அதைக் கிளப்பியவர் சர் ஆர்தர் காட்டன். கொள்ளிடத்திலும் கோதாவரியிலும் அணை கட்டிய அதே காட்டன், ஆற்றுக்குக் குறுக்கே நிற்கும் அணைகள் மீனின் இனப்பெருக்கத்தைக் கெடுக்கின்றனவா என்று 1867-இல் கேட்டார். தான் கட்டியதைத் தானே சந்தேகிக்கும் பொறியாளர் எக்காலத்திலும் அபூர்வம். அந்தக் கேள்விக்குப் பதில் தேடியவர் சென்னை ராணுவ மருத்துவர் பிரான்சிஸ் டே. இந்தியா, பர்மாவின் நன்னீர் மீன்கள் பற்றிய அவர் அறிக்கை 1873-இல் வந்தது. குஞ்சும் தப்பாத நுண்ணிய கண்ணுடைய வலைகளையும், மடைகளிலும் ஓடைகளிலும் குறுக்கே வைக்கும் பொறிகளையும் அவர் சாடினார். வலைக்கண்ணுக்குக் குறைந்தபட்ச அளவு வேண்டும் என்றார். தென் கன்னட ஜில்லாவில் அதே காலத்தில் மீன் வளர்ப்பைப் பற்றி எழுதிய கலெக்டர் எச்.எஸ்.தாமஸ், தூண்டில்காரர்களுக்கான புகழ்பெற்ற நூலையும் எழுதினார். இருவரும் மீனை நேசித்தவர்கள்தான். ஆனால் வெள்ளைக்காரனின் தூண்டில் விளையாட்டு, ஊர்க்காரனின் பறி அழிம்பு என்ற எண்ணம் அக்கால எழுத்தில் நெடுக ஓடுகிறது. நீலகிரியில் வேட்டை விலங்கையும் மீனையும் காக்க 1879-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அங்கே யாருக்கு வேட்டை, யாருக்குக் காவல் என்று சொல்லத் தேவையில்லை.

பொதுச் சட்டம் வந்தது 1897-இல்: இந்திய மீன்பிடிச் சட்டம், அந்த ஆண்டின் 4-ஆவது சட்டம். சின்னஞ்சிறு சட்டம். வெடிமருந்து போட்டு மீன் கொன்றால் இரண்டு மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம். தண்ணீரில் நஞ்சோ சுண்ணாம்போ கலந்தாலும் அதே தண்டனை. தேர்ந்தெடுத்த நீர்நிலைகளில் வலைக்கண் அளவை விதிக்கலாம், இரண்டாண்டு வரை மீன்பிடிப்பையே நிறுத்தி வைக்கலாம். மண்ணில் ஊன்றியோ வேறு வகையிலோ அசையாமல் நிறுத்திய வலை, கூண்டு, பொறி எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடக்கி, அதற்கு ‘நிலைத்த இயந்திரம்’ என்பது போன்ற ஒரு பெயரை வைத்தது சட்டம். மூங்கில் பிளாச்சியில் பின்னிய பறியை எண்ணிப் பாருங்கள். வாய் அகலம், உள்ளே கூர்முனைகள் உள்நோக்கிச் சரிந்திருக்கும். நுழைந்த கெளுத்தி திரும்பினால் குத்தும். மடைவாயில் மாலையில் வைத்துவிட்டுக் காலையில் எடுப்பார்கள். அதுவும் இயந்திரம்! அடியில்லாத கூடையான ஊத்தாவைச் சேற்றில் குத்திக் குத்தி, மேல்வாய் வழியாகக் கைவிட்டு மீனைத் துழாவி எடுப்பவர் நடந்துகொண்டே இருப்பதால் தப்பித்தார்.

நஞ்சும் வெடியும் ஒரே தண்டனைக்குள் வந்தாலும் இரண்டின் வயதும் வேறு. காக்கைக்கொல்லி விதை, மருக்காரைக் காய், கள்ளிப்பால் இவற்றை மடுவில் கலந்து மீனைக் கிறங்கவைத்துப் பிடிப்பது மலையடிவாரங்களில் தொன்றுதொட்ட வித்தை. வெடி நேற்று வந்தது. நோபல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றதே 1867-இல், காட்டன் கேள்வி கேட்ட அதே வருஷம். கிணறு வெட்டவும் பாறை பிளக்கவும் சாலை போடவும் சர்க்காரும் கம்பெனிகளும் கொண்டுவந்த தோட்டா, வேலை முடிந்து மடுவுக்குள் விழுந்தது. அதைக் கொண்டுவந்தவர்களே முப்பதாண்டில் அதற்கு எதிராகச் சட்டம் போடவும் வேண்டியிருந்தது.

சட்டத்தில் எனக்குச் சுவையாகப் படுவது ‘தனியார் நீர்’ என்பதற்குக் கொடுத்த விளக்கம். சொந்தக்காரனாகவோ குத்தகைதாரனாகவோ ஒருவனுக்கு மட்டும் மீன்பிடி உரிமை உள்ள நீர் தனியார் நீர். வழக்கப்படி மற்றவர்களும் அங்கே மீன் பிடிப்பார்கள் என்பதனால் மட்டும் அது தனியார் நீர் இல்லாமல் போகாது. வழக்கத்தை ஒப்புக்கொண்டு, அடுத்த அடியிலேயே ஓரமாக உட்காரவைக்கும் வாக்கியம். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் இதற்கு ஊர் சொல்லும் பதில் ‘அழிகண்மாய்’. கோடையில் நீர் வற்றியதும் ஒரு நாள் குறித்து, கரையில் வெள்ளைத் துண்டு வீசியதும், சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் ஊத்தாவும் கச்சா வலையுமாக இறங்குவது. அன்றைக்குப் பாசி யாருடையதும் இல்லை.

மீனுக்கென்று அலுவலகம் வந்தது இதற்கும் பின்னால். கூட்டுறவு இயக்கத்துக்கு வழிகாட்டிய பிரெடரிக் நிக்கல்சன் 1905-இல் சென்னை மாகாண மீன் தொழிலை ஆராயத் தொடங்கினார். 1907-இல் தனிப் பிரிவு உருவானது. பிடிப்பதைத் தடுப்பதோடு நில்லாமல் குஞ்சு வளர்த்து விடுவது என்ற எண்ணம் அங்கிருந்து வலுத்தது. பாசி என்ற பெயருக்கு உண்மையான ஆபத்து அதுதான். இன்று ஏலம் எடுப்பவர் குஞ்சு வாங்கி விடுகிறார். கட்லா, ரோகு என்று வங்காளப் பெயர் சொல்லும் மீன்கள், 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு ‘திலாப்பியா’ என்ற பெயர் வாயில் நுழையாமல் ஜிலேபி ஆன ஆப்பிரிக்க மீன். விதைத்து அறுக்கிறார், இது வேளாண்மை, பாசி இல்லை. ஆறும் அப்படியே மாறிவிட்டது. தீர்த்தமலைக்கு மேலே கிருஷ்ணகிரி அணை, கீழே சாத்தனூர் அணை, இரண்டும் 1950-களின் பிற்பாதியில் தென்பெண்ணையின் குறுக்கே எழுந்தவை. விலாங்கு கடலில் பிறந்து ஆற்றில் வளர்ந்து முட்டையிடக் கடலுக்கே திரும்பும் மீன். கடலூர்க் கடலிலிருந்து தீர்த்தமலைப் பக்கத்து அனுமந்தீர்த்தம் வரை அது ஏறிவர இப்போது என்ன வழி? காட்டன் கேட்டது இதைத்தான்.

அனுமந்தீர்த்தம் என்றதும் மலையின் பெயரையும் தொடாமல் விட முடியாது. இராமர் பூசைக்கு அனுமன் கங்கை நீர் கொண்டுவரத் தாமதிக்க, இராமர் அம்பு எய்து மலையில் நீர் வரவழைத்தாராம். தாமதித்து வந்த அனுமன் வீசியெறிந்த நீர் பெண்ணையாற்றங்கரையில் விழுந்த இடம் அனுமந்தீர்த்தம். அதில் முழுகிவிட்டு மலையேறி இராம தீர்த்தத்தில் நனைவது முறை. தீர்த்தம் என்ற பெயர் விழுந்த நீரில் பாசி ஏலம் கிடையாது. ஏரி என்ற பெயர் விழுந்த நீரில் உண்டு. ஆனால் வடமொழியில் தீர்த்தத்தின் முதற்பொருள் புனித நீர் அல்ல. கடக்குமிடம், ஆற்றில் இறங்கும் படித்துறை. அதாவது நம்முடைய ‘துறை’. அர்த்தசாஸ்திர மரபில் அரசனின் பதினெட்டு உயரதிகாரிகளுக்கும் ‘தீர்த்தங்கள்’ என்றே பெயர். தமிழிலும் துறை கரையேறி அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது: பொதுப்பணித்துறை, வருவாய்த்துறை, மீன்வளத்துறை. வலையோடு ஆற்றில் இறங்க ஒரு துறை. அதற்கு முன் சீட்டு வாங்க இன்னொரு துறை.