குதிரையும் குதிரைகளும்

சென்ற ஆடி மாதத்தில் ஒரு வாரம் நான் ஊரில் இல்லை. உடம்பு சரியில்லையோ என்று சிலர் வீட்டுக்கே வந்து விசாரித்தார்களாம். அப்படி ஒன்றுமில்லை. எழுபத்து நாலு வயதில் குதிரைகளோடு கூடாரத்தில் தங்கிவிட்டு வந்தேன். போன கதையைச் சொல்வதற்கு முன் ஒரு பழைய கடனைச் சொல்ல வேண்டும்.

1975. தற்காலிகப் பணியாக மாமல்லபுரத்துக்கு எனக்கு உத்தரவு வந்திருந்தது. பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். அன்று மழை, திருக்கழுக்குன்றத்துக்கு அப்பால் பஸ் போகவில்லை. ஸ்டாண்டில் இருந்த ஒரே ஜட்காவில் ஏறினேன். பாதி வழியில் வண்டிக்காரர் பாய் இறங்கி, குதிரையின் முன்னங்காலைப் பார்த்துவிட்டு, “சார், லாடம் கழண்டுடுச்சு. மெதுவாத்தான் போகணும்” என்றார். “பாய், என் வேலையே போயிடும். ஓட்டுங்க” என்றேன். அவர் ஓட்டினார். நான் பதினொன்றே முக்காலுக்குக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் குதிரை அதன் பிறகு நேராக நடக்கவே இல்லை.

சில மாதங்கள் கழித்து அவரைச் சந்தித்தபோது மன்னிப்புக் கேட்டேன். “உங்க மேல தப்பு இல்ல சார். அதுக்கு வாய் இல்ல, அதுக்குப் பதிலா நான்தான் பேசணும். பேசாம விட்டுட்டேன்” என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அவர் பேரன் இப்போது நம் கடற்கரையில் சுற்றுலா வருபவர்களைக் குதிரையில் ஏற்றிப் பிழைக்கிறான். என்னைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவான். இருந்த குதிரைக்கு வயதாகிவிட்டதால் புதிதாக ஒன்று வாங்க அந்தியூர் போவதாகச் சொன்னான். என் சேமிப்பிலிருந்து 30,000 ரூபாய் கொடுத்தேன். “பணம் மட்டும் போதாது தாத்தா, நீங்களும் வாங்க” என்றான். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், ஓய்வு பெற்ற கண்டக்டர் ஒருவர், லாடம் அடிக்கும் அவனுடைய மாமா, அவன், நான் என்று ஐந்து பேர் ஒரு வேனில் கிளம்பினோம்.

ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவை ஒட்டிக் கூடும் குதிரைச் சந்தை பிரசித்தமானது. மார்வாரி, காட்டியவாரி என்று வெளி மாநிலத்துக் குதிரைகளும் வரும். திப்பு சுல்தான் காலத்திலேயே இங்கே குதிரை வாங்கினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். வியாபாரிகள் சில நாள் முன்னதாகவே வந்து கூடாரம் அடித்து, முளை அடித்துக் குதிரைகளைக் கட்டிவிடுகிறார்கள். நாங்களும் அவர்கள் பக்கத்தில் ஒரு தார்ப்பாய் கட்டிக்கொண்டோம். விடியற்காலையில் கொள்ளு வேகும் வாசனையில்தான் கண் விழிப்போம். வெயில் ஏறுவதற்குள் குதிரைக்காரர்கள் ஏரிப் பக்கம் சவாரி போவார்கள். மாமா கடிவாளத்தைப் பிடித்துக்கொள்ள ஒருநாள் நானும் ஏறி ஒரு பர்லாங்கு போனேன். தூரத்தில் பர்கூர் மலை தெரிந்தது. இறங்கும்போதுதான் முழங்கால் தன் வயதைச் சொன்னது.

இரவில் வேலை கிடையாது. லாந்தர் வெளிச்சத்தில் கதைதான். முதல் கதையை வாத்தியார் எடுத்தார், மாணிக்கவாசகர் கதை. பாண்டியனின் அமைச்சரான வாதவூரர் குதிரை வாங்கக் கஜானாப் பணத்தோடு திருப்பெருந்துறைக்குப் போகிறார். இப்போது ஆவுடையார்கோயில் என்கிறோமே, அந்த ஊர். அங்கே குருவைக் கண்டு, பணத்தைக் கோயில் திருப்பணியில் செலவழித்துவிடுகிறார். சிவபெருமான் நரிகளைக் குதிரைகளாக்கி மதுரைக்கு அனுப்புகிறார். இரவில் அவை மறுபடி நரிகளாகிவிடுகின்றன. “ஒரு தலைப்பில் ஒதுக்கிய பணத்தை வேறு தலைப்பில் செலவு செய்திருக்கிறார். எங்கள் தணிக்கைக்காரர்கள் விடமாட்டார்கள்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் கதைக்கு அடியில் ஒரு நிஜம் இருக்கிறது. நல்ல குதிரை வேண்டுமானால் தமிழ் மன்னன் பொன்னை மூட்டை கட்டிக் கடற்கரைக்கு ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. குதிரை இந்த மண்ணில் விளையவில்லை, கப்பலில் வந்தது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைச் சொல்கிறது. தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், குதிரைகளோடு கப்பல்கள் நின்ற நீர்ப்பெயற்று என்ற துறைமுகம் வருகிறது. அது நம் மாமல்லபுரமே என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. நம் தலசயனப் பெருமாளைப் பாடிய திருமங்கையாழ்வாருக்கும் ஆடல்மா என்று ஒரு குதிரை இருந்ததாகச் சொல்வார்கள். சோழர் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் என்ற வணிகர்கள் வருகிறார்கள். இத்தனை இருந்தும் நம் ஐந்து ரதங்களின் அருகே யானை நிற்கிறது, சிங்கம் நிற்கிறது, நந்தி படுத்திருக்கிறது, குதிரை மட்டும் இல்லை. அதற்கு நான் காரணம் கற்பிக்கப் போவதில்லை. ரதம் என்று பெயர் வைத்துவிட்டுக் குதிரையைத் தேடுவது நம் வழக்கம், அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் இரவு என் முறை. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். குதிரைக்குப் பிரெஞ்சில் ஒருமை ‘ஷெவால்’, பன்மை ‘ஷெவோ’. சிறு வயதில் பன்மைக்கும் ‘ஷெவால்’ என்றே எழுதிவிட்டு முசியேவிடம் கையில் அடி வாங்கியிருக்கிறேன். அந்த ஷெவோக்களைப் பிற்பாடு மார்க்கோ போலோவின் புத்தகத்தில்தான் நிறையப் பார்த்தேன். அவர் வெனிஸ்காரர். ஆனால் 1298-இல் ஜெனோவா சிறையில் அவர் சொல்லச் சொல்ல, ருஸ்டிச்செல்லோ என்ற கைதி அதை எழுதியது பழைய பிரெஞ்சு மொழியில்.

மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்தவர். ஹோர்முஸ், கிஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து காயல் துறைமுகத்துக்குக் குதிரைகள் வருவதை எழுதுகிறார். ஒரு மன்னர் மட்டும் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குவாராம், அவருடைய சகோதரர்களும் அப்படியே. ஆண்டு முடிவில் 100 கூட உயிரோடு மிஞ்சாது என்கிறார். காரணமும் சொல்கிறார். இங்குள்ளவர்களுக்குக் குதிரையைப் பராமரிக்கத் தெரியவில்லை, வேகவைத்த சோறும் இறைச்சியும் போடுகிறார்கள், குதிரை வைத்தியம் தெரிந்த லாடக்காரர் ஒருவரும் இல்லை. அப்படிப்பட்டவர் யாரும் இங்கே வந்துவிடாமல் வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்களாம். குதிரை பிழைத்துவிட்டால் அடுத்த வருஷம் யார் வாங்குவார்கள்?

அவருக்குச் சற்றுப் பின்னால் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் ஏறக்குறைய இதையே சொல்கிறார். குதிரை ஒன்றுக்கு விலை 220 பொன் தினார். வழியில் செத்தாலும் பணம் உண்டு. வந்திறங்கிய குதிரையை நாற்பது நாள் லாயத்தில் கட்டிப்போட்டுக் கொழுக்க வைத்து, பழக்காமலேயே ஏறி விரட்டுகிறார்கள், எப்படிப்பட்ட குதிரையும் சீக்கிரமே சோர்ந்துவிடுகிறது என்கிறார். இவர்கள் வெளிநாட்டார்கள், கொஞ்சம் மிகைப்படுத்தியும் இருக்கலாம். ஆனால் 200 வருஷம் கழித்து விஜயநகரத்திலும் கதை மாறவில்லை. சாளுவ நரசிம்மர் குதிரைகளை உயிரோடும் வாங்கினார், செத்தும் வாங்கினார், கடலில் செத்ததற்கு வாலைக் கொண்டுவந்து காட்டினால் போதும் என்று போர்த்துக்கீசியரான நூனிஸ் எழுதி வைத்திருக்கிறார்.

நான் சொல்லி முடித்ததும் மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “வாலை எண்ணினாங்க, காலைப் பாக்கல” என்றார். நாற்பது வருஷமாக வரலாற்றுப் புத்தகம் படிக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் பேரன் ஒரு வெள்ளைக் குதிரையைப் பார்த்து மயங்கிவிட்டான். நெடிய கழுத்து, அடர்ந்த பிடரி. கடற்கரையில் நிறுத்தினால் போட்டோ எடுக்கவே கூட்டம் சேரும். விற்பவர், “பின்னாடி ஒரு பார்ட்டி காத்திருக்கு, இப்பவே அட்வான்ஸ் குடு” என்று நெருக்கினார். அவன் கை சட்டைப்பைக்குப் போய்விட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தான். அது என் பணமும் அல்லவா?

எனக்குத் திருக்கழுக்குன்றம் சாலையும் மழையும் நினைவுக்கு வந்தன. “அவசரப்படாதே தம்பி. மாமா காலைத் தூக்கிப் பார்க்கட்டும்” என்றேன். விற்பவர் முகம் சுளித்தார். மாமா குளம்பைத் தூக்கி, தட்டி, உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். முன்னங்கால் ஒன்று சுட்டது. “நடத்திக் காட்டுங்க” என்றார். மண் தரையில் நன்றாக நடந்த குதிரை, கல் தரைக்கு வந்ததும் தலையை ஆட்டி ஆட்டி நொண்டியது. பேரன் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஏமாந்திருப்போமே என்பதற்காக இல்லை. “வலியோட நிக்குது தாத்தா” என்றான்.

அதை வாங்கவில்லை. மறுநாள் மாலை ஒரு பழுப்பு நிறப் பெட்டைக் குதிரை அமைந்தது. பார்வைக்குச் சுமார்தான், வயது கொஞ்சம் கூட. ஆனால் நாலு காலும் குளிர்ந்திருந்தன. வாத்தியார் அதற்கு நீலவேணி என்று பெயர் வைக்கச் சொன்னார். செஞ்சி தேசிங்குராஜன் கதையில் அவனுடைய தோழன் மகமத்கானின் குதிரை அது. 1714-இல் ஆற்காட்டு நவாபோடு நடந்த சண்டையில் தேசிங்கு மாண்டான். அந்தச் சண்டையில் எத்தனை குதிரைகள் செத்தன என்று யார் சொல்லப் போகிறார்கள்? தேசிங்கின் பாராசாரியையும் தோழனின் நீலவேணியையும் மட்டும் கதைப்பாட்டு பெயர் சொல்லிக் காப்பாற்றியிருக்கிறது.

திரும்பி வரும் வழியில் இதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அரசர்களும் வியாபாரிகளும் கணக்கு எழுதுபவர்களும் ‘ஷெவோ’ என்று பன்மையில் பேசுகிறார்கள். நானும் முப்பத்தைந்து வருஷம் கணக்கு எழுதியவன்தான், குறை சொல்லவில்லை. ஆனால் குளம்பைக் கையில் பிடித்துப் பார்ப்பவனுக்கு எப்போதும் ஒரு குதிரைதான். இந்தக் கரையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் குதிரை வாங்கப் பொன் இருந்தது. காலைத் தூக்கிப் பார்க்கும் ஆளுக்கு மதிப்பு இருந்ததா என்பதுதான் கேள்வி. பாய்க்கு நானும் அந்த மதிப்பைக் கொடுக்கவில்லை.

நீலவேணி இப்போது வெயில் தாழ்ந்த பிறகுதான் மணலுக்கு வருகிறாள். அதில் பேரனுக்கு வருமானம் கொஞ்சம் குறைவுதான். எனக்கு மாதம் 1,000 ரூபாய் திருப்பித் தருகிறான். வாங்கிக்கொள்கிறேன், வேண்டாம் என்றால் அவனுக்குக் கௌரவக் குறைவு. அதில் கொஞ்சம் கொள்ளாக நீலவேணிக்கே போய்விடுகிறது, அது எங்களுக்குள் இருக்கட்டும்.

உங்கள் ஊர் ஜட்கா ஸ்டாண்டு எங்கே இருந்தது? அந்த வண்டிக்காரர்களில் யாருடைய பெயராவது, ஏதாவது ஒரு குதிரையின் பெயராவது நினைவிருந்தால், ஒரு தாளில் எழுதி வையுங்கள்.