வறண்ட நிலமும் தாமதிக்கும் நீதியும்: கொங்கு வட்டாரத்திலிருந்து வெஸ்டர்ன் குற்றப்படத்தை அணுகுதல்

சட்டம் முழுமையாக வந்து சேராத வறண்ட வெளியில், குற்றத்துக்கும் நீதிக்கும் இடையே ஒரு தனிமனிதனை நிறுத்திச் சோதிக்கும் அமெரிக்கத் திரைப்பட வகை ‘வெஸ்டர்ன்’ எனப்படுகிறது. தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் அது ‘கௌபாய் படம்’ என்றே அறியப்பட்டது. குதிரையும் அகன்ற தொப்பியும் விலகி, லாரியும் நெடுஞ்சாலையும் வங்கிக் கடனும் அவ்விடத்தைப் பிடித்த பின்னும், நிலமும் நீதி பற்றிய கேள்வியும் மாறாமல் தொடரும் பிற்காலப் படங்கள் ‘நவ வெஸ்டர்ன்’ என்று வகைப்படுத்தப்படுகின்றன. இவற்றின்பால் தமிழ்ப் பார்வையாளர் கொள்ளும் ஈர்ப்புக்கு அயல்நாட்டுப் புதுமை மீதான மோகமே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அவிநாசியை நடுவாகக் கொண்ட கொங்கு வட்டாரத்தின் இலக்கிய, வழக்காற்று, திரைப்பட வரலாற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால், அவ்வீர்ப்பின் வேர்கள் இம்மண்ணில் ஆழமாக ஓடுவதும், சட்டம் யாருக்கு உரியது என்ற விசாரணை இடையில் வீரக்கதைக்குப் பின்தங்கிப் பின்னர் மீண்டும் திரும்பியதும் தெளிவாகின்றன.

ஆறலை கள்வரும் ஆநிரையும்

வழிப்பறி, கால்நடைக் கவர்வு, வறண்ட பாதை ஆகிய மூன்றும் வெஸ்டர்ன் கதைகளின் அடிப்படைப் பொருள்கள். இம்மூன்றுக்கும் பழந்தமிழ் இலக்கண, இலக்கிய மரபு பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இடம் வகுத்திருந்தது. பகைவரின் ஆநிரையைக் கவர்வதைப் புறத்திணைகளுள் முதலாவதான வெட்சியாகத் தொல்காப்பியம் வகுக்க, அப்பூசலில் மாண்டவர்களுக்கு நடுகற்கள் எழுந்தன. பாலைத்திணைப் பாடல்களில் வழிச்செல்வோரைத் தாக்கிப் பொருள் பறிக்கும் ஆறலை கள்வர் இடம்பெறுகின்றனர். முல்லையும் குறிஞ்சியும் மழையின்றித் தம் இயல்பு திரியும்போது பாலை என்னும் வடிவத்தைக் கொள்ளும் என்று சிலப்பதிகாரம் விளக்குவது இங்குக் கருதத்தக்கது. வறட்சி நிலத்தை மாற்றுகிறது, மாறிய நிலம் மனிதரின் நடத்தையை மாற்றுகிறது என்ற இந்த நோக்கு, வெஸ்டர்ன் படங்களின் உள்ளிருக்கும் நோக்கோடு மிக நெருக்கமானது.

அவிநாசி வட்டாரத்துக்கே உரிய சான்றும் ஒன்று உண்டு. தேவாரத்தில் திருப்புக்கொளியூர் என்று குறிக்கப்படும் அவிநாசிக்கு அருகில் திருமுருகன்பூண்டி அமைந்துள்ளது. சேரமான் பெருமாள் அளித்த பொருளுடன் திரும்பிய சுந்தரரை, சிவபெருமான் ஏவிய பூதகணங்கள் வேடர் உருவில் வந்து அவ்வூரில் வழிப்பறி செய்ததாகவும், அதன்பின் அவர் பதிகம் பாடிப் பொருளை மீளப் பெற்றதாகவும் தல மரபு கூறுகிறது. பறித்தவரை ஏவியவனே இறைவன் என்னும்போது, கொள்ளையைத் தீமை என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட முடியாத ஓர் அறச் சிக்கல் கதைக்குள் நுழைந்துவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சேர நாட்டையும் கொங்கையும் இணைத்த வணிகப் பாதைகள் இப்பகுதியைக் கடந்து சென்றன என்பதை எண்ணினால், இத்தகைய கதை இங்கு வேரூன்றியதற்கான சூழலும் விளங்கும்.

பிற்காலத்தில் இதே சிக்கல் அரசியல் வடிவம் பெற்றது. மைசூர் அரசுக்குச் சென்றுகொண்டிருந்த வரிப்பணத்தை இடைமறித்துப் பறித்து, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் இடையே ஒரு சின்னமலை இருப்பதாகச் சொல்லியனுப்பிய வீரனாகத் தீரன் சின்னமலையைக் கொங்கு வழக்காறு போற்றுகிறது. 1805இல் சங்ககிரியில் ஆங்கிலேயரால் தூக்கிலிடப்பட்ட அவர் மக்கள் நினைவில் நாயகராகவே நிலைத்தார். அரசு குற்றவாளி என்று முத்திரையிடும் ஒருவரை மக்கள் தம் நியாயத்தின் காவலராகக் கொள்ளும் இந்நிலையை வரலாற்றறிஞர் எரிக் ஹாப்ஸ்பாம் ‘சமூகக் கொள்ளையர்’ என்ற கருத்தாக்கத்தால் விளக்கினார்.

திரையில் வந்த அந்நிய உடை

1903இல் எட்வின் போர்ட்டர் எடுத்த ‘தி கிரேட் டிரெயின் ராபரி’, ரயில் கொள்ளையைச் சித்திரித்த குறும்படமாகும்; வெஸ்டர்னும் குற்றப்படமும் திரையில் ஒன்றாகவே பிறந்தன என்பதற்கு அது சான்று. 1905இல் ஊர் ஊராகக் கூடாரமிட்டுப் படம் காட்டும் தொழிலில் இறங்கிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் திரையரங்கைக் கட்டினார். அமெரிக்கச் சண்டைத் தொடர்படங்கள் இந்தியாவெங்கும் ஓடிய மௌனப்பட யுகத்தில், கொங்கு மக்களுக்குத் திரைப்படம் அறிமுகமானது இத்தகைய கூடாரங்களிலும் அரங்குகளிலும்தான்.

வட்டாரத் தயாரிப்பு வலுப்பெற்றது 1935இல் டி.ஆர். சுந்தரம் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய பிறகு. 1950இல் அந்நிறுவனம் வெளியிட்ட ‘மந்திரி குமாரி’யில் ராஜகுருவின் மகனே கொள்ளைக்கூட்டத் தலைவனாக இருந்தான். அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்க, மு. கருணாநிதி வசனம் எழுதிய அப்படம், கொள்ளையை அதிகாரத்தின் மறுமுகமாகக் காட்டி, அரசவைக்குள்ளேயே குற்றம் குடியிருக்கக்கூடும் என்ற எண்ணத்தைப் பரவலான பார்வையாளரிடம் கொண்டுசேர்த்தது.

1964இல் இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனி, ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவின் ‘யோஜிம்போ’வைத் தழுவி ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ எடுத்தபோது, வெஸ்டர்ன் அமெரிக்காவின் தனிச்சொத்தாக இருந்த நிலை முடிவுக்கு வந்தது. நல்லவன், கெட்டவன் என்ற தெளிவான கோடு அழிந்து, கூலிக்காகத் துப்பாக்கி ஏந்தும் பெயரற்ற மனிதன் நாயகனானான். 1969இல் வெளியான ‘மெக்கன்னாஸ் கோல்ட்’ இந்தியாவில் பெருவெற்றி பெற, 1971இல் கிருஷ்ணா நடித்த ‘மோசகாள்ளகு மோசகாடு’ தெலுங்கில் இப்பாணிக்கு வழி திறந்தது. தமிழில் ஒளிப்பதிவாளரும் இயக்குநருமான எம். கர்ணன் ‘காலம் வெல்லும்’ (1970), ‘கங்கா’ (1972), ‘ஜக்கம்மா’ (1972), ‘எங்க பாட்டன் சொத்து’ (1975) ஆகிய படங்களின்வழி ஜெய்சங்கரைக் குதிரையேற்றினார். பாறைக்குன்றும் புழுதியும் பழிவாங்கலும் நிரம்பிய இப்படங்களில் உடை அந்நியமாக இருந்தது. நிலமோ பார்வையாளர் நன்கறிந்த தென்னிந்தியக் கரட்டு நிலம். உடைக்கும் நிலத்துக்கும் இடையிலான இந்த இணைப்பே அவற்றுக்குத் தனிச் சுவையைக் கொடுத்தது.

அச்சு ஊடகமும் இந்த ஆர்வத்தைக் காத்தது. 1972இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸும் 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸும், இத்தாலியப் படைப்பான டெக்ஸ் வில்லர், பிரெஞ்சு மொழிப் படைப்பான கேப்டன் டைகர் முதலியோரைத் தமிழ் பேச வைத்தன. இவ்விதழ்களை வாசித்து வளர்ந்த சிறுவர்களுக்கு அரிசோனாவின் பாலைவனம் அயலூராகத் தோன்றவில்லை.

மலைக்காடும் நெடுஞ்சாலையும்

1980களில் தொப்பியும் குதிரையும் மறைய, அவ்விடத்தை மலைக்காட்டுக் குற்றவாளி பிடித்தார். சேலம், மேட்டூர் மலைப்பகுதியில் வாழ்ந்த ஒருவரின் கதையைத் தழுவிய ‘மலையூர் மம்பட்டியான்’ (1983) சமூகக் கொள்ளையர் மரபைத் திரைக்குக் கொண்டுவந்தது. அவிநாசிக்கு வடக்கே விரியும் சத்தியமங்கலக் காடுகளில் தந்தமும் சந்தன மரமும் கடத்திய வீரப்பனின் சாயலை எதிர்நாயகனுக்குத் தந்த ‘கேப்டன் பிரபாகரன்’ (1991), அதே காட்டை அரசு அதிகாரியின் பார்வையிலிருந்து காட்டியது. 2004 அக்டோபர் 18 அன்று வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டபின், தேடுதல் வேட்டையின்போது மலைக்கிராம மக்கள் அனுபவித்த துன்பங்கள் பற்றிய விவாதம் வலுத்தது. குற்றவாளிக்கும் காவல்துறைக்கும் இடையே சிக்கிய எளிய மக்களைப் பற்றிய கேள்வியைத் தமிழ்ப் படங்கள் நேராகக் கையாள மேலும் காலம் பிடித்தது.

2017இல் எச். வினோத் இயக்கிய ‘தீரன் அதிகாரம் ஒன்று’ நவ வெஸ்டர்னின் இலக்கணத்தைப் பெரிதும் நிறைவுசெய்த தமிழ்ப்படம். தேசிய நெடுஞ்சாலையையொட்டித் தனித்திருக்கும் வீடுகளில் லாரியில் வந்து கொள்ளையடித்துக் கொன்ற கும்பலைப் பற்றிய உண்மை வழக்கொன்றை அது தழுவியது. சேலத்தையும் கொச்சியையும் இணைக்கும் நெடுஞ்சாலையோரத்தில் வாழும் அவிநாசிப் பகுதி மக்களுக்கு அந்தத் தனி வீடும் அந்த இரவு லாரியும் அன்றாடம் காணும் காட்சிகள் என்பதால், அப்படத்தின் அச்சம் அவர்களுக்கு மிக அணுக்கமானது. எனினும் ஒரு சமூகம் முழுவதையும் பிறவிக் குற்றவாளிகளாகக் காணும் அபாயத்தை அப்படம் தவிர்க்கவில்லை. பழைய வெஸ்டர்ன்கள் அமெரிக்கத் தொல்குடியினரைச் சித்திரித்த முறையிலும், 1871ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டத்திலும் இருந்த பார்வை இதுவே என்பதால், இக்குறையைச் சிறிதாகக் கொள்ள இயலாது.

அப்பார்வைக்கான மறுமொழி 2023 தீபாவளிக்கு வெளியான ‘ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்’ படத்தில் கிடைத்தது. 1970களில் நிகழும் இக்கதையில், கிளின்ட் ஈஸ்ட்வுட்டை வழிபடும் மதுரைத் தாதா ஒருவரைக் கொல்ல வந்தவன், திரைப்பட இயக்குநராக வேடமிட்டு அவரை நாயகனாக்கிப் படமெடுக்கிறான். கௌபாய் மோகத்திலிருந்து தொடங்கும் கார்த்திக் சுப்பராஜின் இப்படைப்பு, யானைகளை வேட்டையாடும் ஒருவனைப் பற்றிய கதையைக் கடந்து, பழங்குடி மக்களை அழிக்கும் அரச வன்முறையை நோக்கிக் கேமராவைத் திருப்புகிறது. வெஸ்டர்ன் பொதுவாக மறைத்துவைத்த மக்களை அது நடுவில் நிறுத்தியது.

நவ வெஸ்டர்னும் இன்றைய அவிநாசியும்

இதே காலத்தில் அமெரிக்காவிலும் இவ்வகை முதிர்ச்சியடைந்தது. 1980ஆம் ஆண்டின் டெக்சாஸில் நிகழும் கோயன் சகோதரர்களின் ‘நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்’ (2007), பின்னணி இசையை ஏறக்குறைய முற்றாகத் தவிர்த்து, தன் காலத்தின் வன்முறையைப் புரிந்துகொள்ள முடியாமல் தளரும் முதிய ஷெரிஃப்பைக் காட்டிச் சிறந்த படத்துக்கான ஆஸ்கரைப் பெற்றது. டேவிட் மெக்கன்சி இயக்கிய ‘ஹெல் ஆர் ஹை வாட்டர்’ (2016) படத்திலோ, தாயின் நிலத்தை அடமானத்திலிருந்து மீட்க இரு சகோதரர்கள், அந்த நிலத்தை விழுங்கக் காத்திருக்கும் வங்கியின் கிளைகளையே கொள்ளையடிக்கின்றனர்.

கடன், நிலம், நீர் ஆகிய இப்பொருள்கள் பின்னலாடைத் தொழில் வளர்ந்த அவிநாசி, திருப்பூர் வட்டாரத்துக்கு நேரடியாகத் தெரிந்தவை. மானாவாரி வேளாண்மையும் கைத்தறியும் விசைத்தறியும் இருந்த நிலத்தில் ஏற்றுமதித் தொழில் பெருகியபோது நொய்யல் ஆறு சாயக்கழிவால் மாசடைந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. ஆறு கெட்டுப் பல ஆண்டுகள் கழிந்தபின் வந்த நீதி, ஒருபுறம் உழவரின் முறையீட்டுக்கு விடையாகவும், மறுபுறம் தொழிலாளரின் பிழைப்புக்கு இடியாகவும் அமைந்தது. பாசனத்துக்காக அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கோரப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டம், ஏறத்தாழ 1,916 கோடி ரூபாய்ச் செலவில் 1,045 குளங்களுக்கு நீர் வழங்கும் நோக்குடன் 2024 ஆகஸ்ட் 17 அன்றுதான் தொடங்கிவைக்கப்பட்டது. சரியான தரப்பு எது என்று எளிதில் பிரித்துச் சொல்ல முடியாத இத்தகைய நிலையே நவ வெஸ்டர்னின் கதைக்களம்.

முடிவுரை

மேற்கண்ட வரலாறு மூன்று கட்டங்களாக அமைகிறது. பாலைத்திணை முதல் சின்னமலை வழக்காறு வரையிலான முதற்கட்டத்தில், சட்டத்துக்கு வெளியே நிற்பவரைப் பற்றிய அறச் சிக்கலைத் தமிழ்ச் சமூகம் தன் சொந்த வடிவங்களில் பேசியது. மாடர்ன் தியேட்டர்ஸ், கர்ணன் காலத்து இரண்டாம் கட்டத்தில் அச்சிக்கலுக்கு அந்நிய உடை கிடைத்ததாயினும், விசாரணை பின்தங்கி வீரம் முன்னின்றது. மூன்றாம் கட்டத்தில் உடை கழன்று விசாரணை திரும்பியுள்ளது. ஆகவே இன்றைய வெஸ்டர்ன் குற்றப்படத்தின் ஈர்ப்பை அதன் துப்பாக்கிச் சண்டையைக் கொண்டு அளப்பது போதாது; வறண்ட நிலத்தில் தாமதமாக வரும் நீதி எவரைக் காக்கிறது, எவரைக் கைவிடுகிறது என்ற கேள்வியை எவ்வளவு நேர்மையாக எழுப்புகிறது என்பதே அதற்குரிய அளவுகோல். அந்த அளவுகோலை வைத்து எடுக்கப்படும் தமிழ்ப்படங்களுக்கு அவிநாசி போன்ற ஊர்களின் நீர் வரலாறும் உழைப்பு வரலாறும் இன்னும் தொடப்படாத வளமாக உள்ளன.